யார் முந்தியது?

நயினாதீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றபோது, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். விடியுமுன் தகப்பனோடு வலை இழுத்துவிட்டுப் பிந்தி வருபவன்; கடைசி வாங்கு அவனுடையது.

"சேர், உந்தக் கடலிலை எது கடும் வேகமாய் நீந்தும்?"

நான் தமிழ் படித்தவன். ஆயினும் விஞ்ஞான ஆசிரியர் வராத நாட்களில் அவ்வகுப்புக்குப் போகிறவனும் நானே. மயில்மீன் என்றேன். மணிக்கு 110 கிலோமீற்றர் பாயும் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அதன் தசை சுருங்கும் நேரத்தை அளந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, அவ்வேகம் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே என்று கண்டது. ஆவுளியாவோ 10 கிலோமீற்றரளவில் ஆறுதலாகத் திரிவது.

"அப்ப விந்தணு?" குரல் தாழ்ந்தது. "கூட்டத்திலை ஒருத்தர் சொன்னவர், கோடிக்கணக்கானதுகளை முந்தித்தான் நாங்கள் பிறந்தனாங்கள் எண்டு. அப்ப நானும் ஒருக்கால் வெண்டனான்தானே, சேர்?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாடத்தை "வீட்டில் வாசியுங்கள்" என்று தள்ளிவிட்டவன் நான். நான் சொல்லாததை மேடைக்காரர் தம் விருப்பப்படி சொல்லிவிட்டார்.

விந்தணுவின் நீளம் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நகரும். மணிக்கு 18 சென்றிமீற்றர். மிக மந்தமான மீன் எனப்படும் அமெரிக்கக் கரையின் குள்ளக் கடற்குதிரைகூட மணிக்கு ஒன்றரை மீற்றர் போய்விடும். அத்தனை சிறிய உடலுக்குத் தண்ணீரே சீனிப்பாணிபோலத் தடிப்பானது. வாலசைவு நின்றால் அக்கணமே அதுவும் நின்றுவிடும். படகு இயந்திரத்தை நிறுத்திய பின்னும் சறுக்கி வந்து துறையை அணைகிறதே, அந்தச் சலுகை அதற்கில்லை.

அது தன் வேகத்தால் மட்டும் போய்ச் சேர்வதுமில்லை. கருப்பையின் தசைகள் சுருங்கி அதைச் சுமந்து செல்கின்றன. முதலில் போய்ச் சேர்பவை பெரும்பாலும் பயன்படுவதில்லை. தாயின் உடலுக்குள் சில மணிநேரம் தங்கிப் பக்குவப்பட்ட பின்னரே சூலோடு சேரும் ஆற்றல் வருகிறது. பந்தயக் கதை சொல்வோர் தாயை வெறும் ஓடுபாதையாக்கிவிட்டார்கள்.

இந்தக் கடலில் கடலட்டையும் கடல் முள்ளெலியும் சூலையும் விந்தையும் நீரிலேயே சொரிகின்றன. மத்தியதரைக் கடலின் முள்ளெலிச் சூலில் இரு கருக்கள் ஒன்றாவதை 1876இல் விவரித்தவர் ஒஸ்கார் ஹேர்ட்விக். விந்தணுவை 1677இல் உருப்பெருக்கியில் கண்ட லேவன்ஹூக் ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகரத்துத் துணி வணிகர். யாழ்ப்பாணம் அப்போது ஒல்லாந்தர் வசம். அந்த நகரின் பெயரைத்தான் அவர்கள் நம் நெடுந்தீவுக்கு இட்டார்கள்.

"அப்ப ஒருத்தரும் வெல்லேல்லையா?" என்றான்.

"உன்னை ஆரோ கொண்டுவந்து சேர்த்திருக்கினம்" என்றேன். படகு வந்துவிட்டது.

திங்கட்கிழமை அந்தப் பாடத்தை நடத்தினேன். கடைசி வாங்கிலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்றுக்கு எனக்கு விடை தெரியவில்லை.