காட்டுக்குள்ள ஒரு இரவு, ரெண்டு குட்டியள், ஒரு தறப்பாள்

காம்ப் எண்ட சொல்லுக்கு எங்கட வீட்டில ரெண்டு அர்த்தம். அக்காவின்ர பிள்ளையளுக்கு அது நெருப்பு மூட்டி மாஷ்மலோ வாட்டித் தின்னுற இடம். அக்காவுக்கு ஒண்டில் ஆமிக் காம்ப், இல்லாட்டி அகதிக் காம்ப். "மாமா, எங்களைக் காம்பிங் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு ரெண்டும் என்னைப் பிடிச்சு உலுப்பத் தொடங்கின நாளிலயே எனக்கு விளங்கீட்டுது, இது கூடாரம் வாங்கிறதோட முடியிற அலுவல் இல்லை எண்டு.

நான் படிக்க வந்து பிக்கரிங்கில அக்கா வீட்டில ஒட்டிக்கொண்டிருக்கிற ஆள். (வாடகைக்குப் பதிலா பிள்ளை மேய்க்கிறான் எண்டு அத்தான் சொல்லுவார்.) பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு அஞ்சு. எங்கட சனம் காம்பிங் போறதெண்டா காரைக் கொண்டுபோய் கூடாரத்துக்குப் பக்கத்தில விட்டிட்டு, கோழியை வாட்டி, பாட்டுப் போட்டு, பக்கத்துக்காரனிட்டப் பேச்சும் வாங்கிக்கொண்டு வாறது. அது எனக்கும் பிடிக்கும். ஆனா நான் சொல்லுறது மற்றது. வள்ளம் வலிச்சு, சாமானைத் தோளில தூக்கி, குழாயும் கரண்டும் இல்லாத உள்காட்டுக்குள்ள போய்ப் படுக்கிறது. கம்பஸ் பெடியளோட முதலே ரெண்டுதரம் போயிருந்ததால அல்கொன்குவின் பூங்காவையே பிடிச்சன். 1893ல தொடங்கின பூங்கா, ஏழாயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீற்றர். உள்காட்டு இடங்களை அஞ்சு மாசத்துக்கு முன்னமே பதிஞ்சு வைக்கலாம். மே, யூன் மாசம் கறுப்பு ஈ தின்னும் எண்டபடியா ஓகஸ்ட்டுக்குப் போட்டன்.

யாழ்ப்பாணத்தில இருந்து அம்மா வட்ஸ்அப்பில நிண்டா. "கரடி இருக்கிற காட்டுக்குள்ள குஞ்சுகுருமனைக் கொண்டுபோறியோ? நாங்கள் தறப்பாளுக்குக் கீழ கிடந்தது காணாதெண்டு இப்ப காசு குடுத்துக் கிடக்கப் போறியளோ?" முதல் கேள்விக்கு என்னட்டப் பதில் இருந்திச்சு. பிக்கரிங் அணுமின் நிலையத்தில இருந்து பத்து கிலோமீற்றருக்குள்ள இருக்கிற வீடுகளுக்கு 2015ல அயடின் குளிசை அனுப்பினவை. அது லாச்சிக்குள்ள இருக்க நிம்மதியா நித்திரை கொள்ளுற நாங்கள் கரடிக்குப் பயப்பிட்டா என்ன ஞாயம்? ரெண்டாவது கேள்விக்கு நான் வாய் திறக்கேல்லை. அந்தத் தறப்பாளுக்குக் கீழ கிடந்தது அம்மாவும் அப்பாவும் அக்காவும். நான் அப்ப பிறக்கேல்லை.

பிள்ளையளைப் பழக்கிறதுக்கு எங்கட சீற்றன் காட்டுப் பாதையில மூண்டு சனிக்கிழமை நடத்தினன், ஆளுக்கொரு பையோட. பிறகு பின்வளவில கூடாரம் அடிச்சு ஒரு இரவு. சின்னவன் பதினொரு மணிக்கு எழும்பி "வீட்டை போவம்" எண்டான். வீடு இருபதடி தள்ளி :-) ஆளுக்கொரு விசில் கழுத்தில கட்டினன். வழி தவறினா ஓடக்கூடாது, கிட்ட நிக்கிற மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு மூண்டுதரம் ஊதவேணும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "என்னை அம்மா தன்ர சீலைத் தலைப்பில கட்டினவ" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி போடப் போட்டா.

சாப்பாட்டில வந்ததுதான் பெரிய பிரச்சினை. உள்காட்டுக்குள்ள தகர டின்னும் போத்தலும் கொண்டுபோகத் தடை. அப்ப டின்மீன் இல்லை! டின்மீன் இல்லாமல் பயணம் போற யாழ்ப்பாணத்தாளை நான் காணேல்லை. கருவாடும் வேண்டாம் எண்டன், அந்த மணத்துக்கு அல்கொன்குவின் கரடியெல்லாம் கலியாண வீடெண்டு வந்திரும். கடைசியில நூடில்ஸ், அவிச்ச மாவில புட்டு, இடிச்ச சம்பல்.

கனூ ஏரியில ரெண்டு வள்ளம் எடுத்து வலிச்சம். ரொம் ரொம்சன் எண்ட ஓவியர் 1917ல செத்தது இந்த ஏரியிலதான் எண்டு நான் சொல்ல, "வள்ளத்துக்குள்ள இருக்கேக்கையே சொல்லோணும் இந்தக் கதை?" எண்டு அக்கா முறைச்சா. ஏரி முடியிற இடத்தில 295 மீற்றர் தூக்கிக்கொண்டு நடந்தா ஜோ ஏரி. பெரிய ஆக்களுக்கு அது அஞ்சு நிமிச நடை. அஞ்சு வயசுக்காரனுக்கு அதில ஒவ்வொரு தவளையும் ஒரு தரிப்பிடம். முக்கால் மணித்தியாலம் எடுத்தம்.

கூடாரம் அடிக்கிற இடத்தில நான் குறிப்புப் புத்தகத்தை விரிக்க, அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சுத்தி நடந்தா. பிறகு மேல பார்த்தா. "இந்தக் கொப்பு பட்டுப்போச்சு. அங்கால தள்ளி அடி." கொடிகாமத்தில தென்னங்காணிக்குள்ள இருந்தவை தேங்காய்க் குலைக்குக் கீழ படுக்க மாட்டினமாம். மண்வெட்டி இருக்கோ, சுத்திவர வாய்க்கால் வெட்டுவம் எண்டு கேட்டா. இங்க வெட்டக்கூடாது அக்கா எண்டன். "அப்ப மேடாப் பார்" எண்டுபோட்டு, தறப்பாளைத் தானே வாங்கி, காத்து வாற பக்கம் பதிச்சு, மற்றப் பக்கம் உயர்த்தி, நான் ஒரு முடிச்சுப் போட முதல் அவ நாலு போட்டிட்டா. அத்தான் வாயைப் பிளந்துகொண்டு நிண்டார். கலியாணம் முடிச்சுப் பத்து வருசம், மனிசிக்கு இது தெரியுமெண்டு மனுசனுக்குத் தெரியாது.

பெரியவள் கேட்டாள். "அம்மா, நீங்களும் சின்னனில காம்பிங் போனனீங்களோ?"

"ஓம்."

"எவ்வளவு நாள்?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசமோ! யூ ஆர் ஸோ லக்கி!"

நானும் அத்தானும் ஆளையாள் பார்த்தம். அக்கா கயிறைப் பிடிச்சபடி சிரிக்கத் தொடங்கினா. கண்ணில தண்ணி வருமட்டும் சிரிச்சா. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள்ள லட்சக்கணக்கான சனத்தோட நாவற்குழிப் பாலத்தால நெருக்குப்பட்டுப் போனதுக்கு இப்பிடி ஒரு பேர் இருக்கெண்டு அவ நினைச்சிருக்க மாட்டா.

கக்கூசைப் பற்றியும் சொல்லோணும். காட்டுக்குள்ள மரப்பெட்டி ஒண்டு, மூடி இருக்கு, சுவர் இல்லை. பெரிய ஆக்கள் நெளிய, சின்னவன் மட்டும் ராசா மாதிரி இருந்து பாட்டுப் பாடினான். சாப்பாட்டுப் பையோட பற்பசையையும் சேர்த்து நாலு மீற்றர் உயரத்தில மரத்தில தொங்கவிட்டம், எல்லாம் கரடிக்காக. வந்தது ஒரு அணில்.

இரவு லூன் பறவை கத்தத் தொடங்கிச்சு. ஒரு டொலர் குத்தியில இருக்கிற அதே பறவைதான், ஆனா சத்தம் ஆரோ ஒப்பாரி வைக்கிற மாதிரி. சின்னவன் என்ர போர்வைக்குள்ள பூந்திட்டான். ரெண்டு மணிபோல மழை. பெரியவள் நித்திரை முறிஞ்சு பயந்து போனாள். அக்கா அவளை மடியில போட்டுக்கொண்டு, தறப்பாளில தண்ணி தேங்கித் தொய்யத் தொய்ய அப்பப்பா ஒரு தடியால... இல்லை, அவளுக்கு அம்மப்பா... கீழ இருந்து தட்டித் தட்டி வெளியில ஊத்தின கதையைச் சொன்னா. ஒருக்கா அந்தத் தண்ணி முழுக்க அப்பாவின்ர தலையிலயே கொட்டினதாம். ஷெல்லும் சாவும் அந்தக் கதையில இல்லை. நானே இருபத்தாறு வயசில முதல்தரம் கேட்டன். எங்கட வீட்டில அந்த ஆறு மாசத்தைப் பற்றி ஒருத்தரும் கதைச்சதில்லை.

அடுத்த நாள் ஹன்ற்ஸ்வில்லில போன் வேலை செய்யத் தொடங்க, அம்மாவின்ர ஒன்பது அழைப்பு விடுபட்டுக் கிடந்திச்சு. அக்கா எடுத்தா. கரடியைப் பற்றி அம்மா கேக்கவேயில்லை. "மழை பெய்ததோ? ஒழுகினதோ?"

"இல்லையம்மா. நான்தான் கட்டினனான்."

பின் சீற்றில ரெண்டும் வாயைத் திறந்தபடி நித்திரை. அத்தான் வழியில ஒரு கடையில நிப்பாட்டி, புதுசா ஒரு தறப்பாள் வாங்கினார், இன்னும் பெரிசா.