ஒரு வரி என்பது ஒரு நாள்

நாஞ்சில் நாட்டில் கட்டட வேலைக்குப் போகிறவர்களின் வாரம் சனிக்கிழமை மாலையில் முடிகிறது. கான்ட்ராக்டர் நோட்டைத் திறப்பார். ஆளின் பெயருக்கு நேரே போட்டிருக்கும் கோடுகளை எண்ணிக் கூலி கொடுப்பார். கொத்தனாரும் கையாளும் உழைத்தார்கள் என்பதற்கு அந்தக் கோடுகளைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை. அதில் ஒரு கோட்டை அடிக்க வேண்டுமென்றால் பேனா எடுத்தாக வேண்டும். அடித்த தடம் தாளில் நிற்கும். ஏன் அடித்தீர்கள் என்று கேட்க ஆள் எதிரிலேயே நிற்பார்.

பெரிய வேலைத்தலங்களில் அந்த நோட்டு இன்று கைப்பேசிக்குள் போய்விட்டது. ப்ரோகோர் போன்ற கட்டுமான மேலாண்மை மென்பொருள்களில் ஒவ்வோர் ஆளின் ஒவ்வொரு நாளும் 'டைம்கார்டு' என்ற பெயரில் ஒரு வரியாகப் பதிவாகிறது. அந்த வரிகளைச் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் ஏபிஐ என்றொரு வாசல் உண்டு. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளுக்கு வேலை ஏவும் வாசல் அது. அங்கே ஆயிரம் வரிகளை அழிக்கப் பேனா வேண்டாம். எதிரில் எவரும் நிற்பதும் இல்லை.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு வெளியூர் நிறுவனங்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அப்படி வந்த வேலைகளுள் ஒன்று, திருவனந்தபுரம் பக்கம் நடந்த ஒரு கட்டுமானத்தின் வருகைப் பதிவில் இரட்டித்துக் கிடந்த வரிகளை மொத்தமாக நீக்கித் தருவது. (நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.) அந்த ஆட்களில் கணிசமானோர் விடியலுக்கு முன்பே பஸ் பிடித்துக் களியக்காவிளை தாண்டிச் செல்லும் நம் ஊர்க்காரர்கள்.

வரிகள் ஏன் இரட்டித்தன என்பது சுவையான விஷயம். அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காத இடத்தில் நின்று மேற்பார்வையாளர் பதிவை அனுப்புகிறார். பதிவு போய்ச் சேர்ந்துவிடுகிறது. சேர்ந்தது என்ற பதில்தான் திரும்பி வரவில்லை. கைப்பேசி மறுபடியும் அனுப்புகிறது. இணைய நெறிமுறையில் சேர்க்கும் கட்டளையை இருமுறை அனுப்பினால் இரண்டு வரிகள் உண்டாகக்கூடும். அழிக்கும் கட்டளையின் இயல்பு வேறு. ஒரே வரியை நூறு முறை அழிக்கச் சொன்னாலும் விளைவு ஒருமுறை அழித்ததுதான். சேர்ப்பது தன் பிழையைக் காட்டிக்கொடுக்கிறது; அழிப்பது காட்டிக்கொடுப்பதில்லை. வெற்றிகரமாக அழித்த பின் பல நேரங்களில் வரும் பதில் 204 என்ற எண். அதன் பொருள் 'உள்ளடக்கம் இல்லை' என்பது. இதைவிடப் பொருத்தமான சொல்லை ஒரு கவிஞனாலும் தந்திருக்க முடியாது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஒரே பெயர், ஒரே நாள், ஒரே மணிநேரம் என்றால் இரண்டாவது வரியை நீக்கிவிடலாம் என்பதே எங்களுக்குத் தரப்பட்ட விதி. நாங்கள் முதலில் எல்லா வரிகளையும் நகலெடுத்து வைத்தோம். பிறகு நீக்க வேண்டியவற்றை மட்டும் பட்டியலாக எடுத்து, ஒவ்வொரு வரியும் எந்தக் கைப்பேசியிலிருந்து, எந்த நொடியில் உண்டானது என்று பார்த்தோம். சில நொடி இடைவெளியில், ஒரே கைப்பேசியிலிருந்து வந்தவை பெரும்பாலும் மறுமுறை அனுப்பப்பட்டவையே. ஆனால் ஒரு பெயர் மட்டும் வாரக்கணக்கில், நாள்தோறும், இரண்டு வெவ்வேறு கைப்பேசிகளிலிருந்து பதிவாகியிருந்தது. மேற்பார்வையாளரை அழைத்துக் கேட்டோம். "அது ரெண்டு பேருல்லா, சார்! ஒருத்தரு கம்பி கட்டுதாரு, மற்றவரு பூச்சு வேலை" என்றார்.

நம் ஊரில் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் பரவலாக இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே ஆளை ஆளிடமிருந்து பிரிக்கிறது. அந்த முதலெழுத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் இருவரும் ஒருவராகிவிட்டார்கள். விதியை அப்படியே ஓட்டியிருந்தால் ஒரு மனிதரின் உழைப்பு முழுவதும் 'இரட்டிப்பு' என்ற சொல்லில் மறைந்திருக்கும்.

இது சனிக்கிழமைக் கூலியோடு நிற்கும் காரியமும் அல்ல. கட்டடத் தொழிலாளி நலவாரியத்தில் பதிவுபெற, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இந்த அளவை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் வைத்துக்கொண்டது. தொண்ணூறு வரிகள் இருந்தால் தொழிலாளி. எண்பத்தொன்பது என்றால் சட்டத்தின் கண்ணுக்கு அவர் வேறு யாரோ.

மொத்த அழிப்பு எவ்வளவு பெரிதாக நடக்கக்கூடும் என்பதை நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் பட்டியலிலிருந்து 2022-23இல் மட்டும் 5 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டதாக 2023 ஜூலையில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. போலி அட்டை, இரட்டை அட்டை, வேலை செய்ய விருப்பமில்லை, ஊரை விட்டுப் போய்விட்டார், இறந்துவிட்டார் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றுள் உண்மையானவை பல இருக்கலாம். போலிகளைக் களைவதில் எங்களுக்கு மறுப்பும் இல்லை. ஆனால் அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதரைப் பற்றிய கூற்று. அவரிடமோ அவர் அண்டை வீட்டாரிடமோ கேட்காமல் அதை மெய்யென்று கொள்வதற்கில்லை. ஒரு கணினி அட்டவணைக்கு முன்னால் அமர்ந்திருப்பவருக்கு இறந்தவரும் ஊர் மாறியவரும் இரட்டிப்பும் ஒரே நிறத்தில்தான் தெரிவார்கள்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிச் சேர்த்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளை நண்பர்கள் அறிந்திருப்பீர்கள். நாஞ்சில் நாட்டின் வரியும் நிலமும் அடிமை முறையும் இன்று நமக்குத் துலங்குவதற்கு அவையும் ஒரு காரணம். அவற்றை எழுதியவர்கள் வரலாறு எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள்; கணக்கு எழுதினார்கள். தேவை தீர்ந்த கணக்குதானே என்று யாரேனும் அடுப்பில் போட்டிருந்தால், பெரிய மனிதர்களின் கதை வேறு வழிகளில் மிஞ்சியிருக்கும். விற்கப்பட்ட மனிதர்களின் சுவடு மிஞ்சியிருக்காது. எளியவர்கள் வரலாற்றுக்குள் நுழைவது பெரும்பாலும் இத்தகைய கணக்கு வரிகளின் வழியாகத்தான்.

நாங்கள் பட்டியலை மேற்பார்வையாளரிடம் கொடுத்து, பெயர் பெயராகச் சரிபார்த்து ஒப்புதல் வாங்கினோம். கூலி முடிவான வரிகளைத் தொடவில்லை. மீதியை நூறு நூறாக அழித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் வந்த பதிலைப் படித்த பிறகே அடுத்ததற்குப் போனோம். எது, எப்போது, யார் சொல்லி நீக்கப்பட்டது என்ற குறிப்பை நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். அரை மணியில் முடியும் என்று சொல்லப்பட்ட வேலைக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளுக்கான எங்கள் கூலியைக் கேட்டபோது, அவர்கள் எங்களிடமும் டைம்கார்டு கேட்டார்கள்.