ஐந்து நிமிடக் கணக்கு

பன்னிரண்டு தென்னை நிற்கும் வளவில் இருந்துகொண்டு நோன்புக் கஞ்சிக்குக் கடையில் தேங்காய் வாங்குவது எப்படியிருக்கும் என்று எங்கள் உம்மாவிடம்தான் கேட்க வேண்டும். 2025 றமழானில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டு நின்றது. எங்கள் மரங்கள் காய்க்காமல் இல்லை. காய் முற்றுவதற்கு முன்பே குரங்குகள் திருகிப் பறித்து, கடித்துக் குடித்துவிட்டு, கோம்பையைக் கூரைத் தகரத்தில் எறிந்துவிட்டுப் போகின்றன. அவை விட்டுவைத்ததை மலையணில் துளைத்துவிடும்.

மாவனல்லைக்கும் ஹெம்மாதகமைக்கும் இடையில், ஒரு இரப்பர் தோட்டத்தின் எல்லையில் எங்கள் காணி இருக்கிறது. மொத்தம் அரை ஏக்கர். தென்னை, பலா, வாழை, றம்புட்டான், கொஞ்சம் மரவள்ளி. வாப்பாவின் வாப்பா நட்டவைதான் பெரும்பாலும். மலை உச்சியில் முன்பு காடு இருந்ததாம். இப்போது அங்கும் இரப்பர். இரப்பர் தோட்டத்தில் குரங்குக்குத் தின்ன என்ன இருக்கிறது? எல்லையைத் தாண்டினால் எங்கள் வாழைக்குலை.

வெடி கொளுத்தினோம். முதல் வாரம் ஓடின, அடுத்த வாரம் நின்று பார்த்தன. மரத்துக்குத் தகரம் அடித்தோம். ஓலைக்கு ஓலை பாய்கிறவற்றுக்குத் தகரம் எதற்கு? நானா கெட்டப்போலோடு திரிந்த காலத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. நானா கட்டார் போனபின் அதுவும் இல்லை. வாழைப்பழத்தில் மருந்து வைக்கச் சொன்னார் சாச்சா ஒருவர். உம்மும்மா அவருக்கு ஊற்றிய தேத்தண்ணியை ஆறவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மாட்டிக்கொண்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னபோது பலர் கேலி செய்தார்கள். எங்கள் ஊரில் நம்பாதவர்கள் குறைவு. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு வந்தபோது, "முதல்ல எங்கட வளவில ஈக்கிறத ஏத்தச் சொல்லு" என்றார் வாப்பா. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போனபின் அந்தத் திட்டம் நின்றுபோனது.

பிறகு வந்ததுதான் கணக்கெடுப்பு. மார்ச் 15, சனிக்கிழமை, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை. அவரவர் காணியில் தெரியும் குரங்கு, மந்தி, மலையணில், மயில் எல்லாவற்றையும் எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் என்பதால் பேனை என் கையில் வந்தது. லயத்து அக்கா ஒருவர் வேலியோரம் நின்று, "காணி இல்லாதவங்களும் எண்ணலாமா பாப்பா? எங்க பூசணியையும் அதுங்கதானே திங்குது" என்றார். வாப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டு மணிக்கு வளவு அமைதியாக இருந்தது. பலாவில் இரண்டு மலையணில்கள். தூரத்தில் மயில் அகவிய சத்தம் மட்டும். 8.05 ஆனது. குரங்கு என்ற இடத்தில் 0 எழுதினேன்.

"நேத்து வந்த பதினேழையும் எழுது மகள்" என்றார் வாப்பா.

"இன்டைக்கு அஞ்சு நிமிஷத்தில கண்டதத்தான் எழுதணும் வாப்பா."

"அப்ப எங்களுக்கு நட்டமில்லயென்டு நினைப்பாங்களே!"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணுவதே, ஒரு கூட்டத்தைப் பத்து வளவில் பத்துத் தடவை எண்ணாமல் இருக்கத்தான். எல்லோரும் நேற்றைய குரங்கையும் சேர்த்து எழுதினால் நாட்டில் மனிதரைவிடக் குரங்கு கூடிவிடும். வாப்பா அன்று இஃப்தார் வரை என்னோடு அதிகம் பேசவில்லை. பூச்சியம் அப்படியே போனது. குரங்குகள் ஒன்பது மணிக்கு வந்தன.

முடிவு வெளியானபோது, செங்குரங்கு மட்டும் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்றார்கள். இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வாழாத இதே குரங்கு, உலகளவில் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. எண்ணிய முறையையே ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. பொலன்னறுவையில் வொல்ஃப்காங் டிட்டஸ் என்பவர் 1968 முதல் இந்தக் குரங்குகளை ஆராய்ந்து வந்திருக்கிறார். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்தை விட்டுப் போவதில்லையாம், தாயின் அந்தஸ்தே மகளுக்கும் வருமாம். அப்படியென்றால் எங்கள் றம்புட்டானுக்கு வரும் கிழட்டுப் பெண் குரங்கின் பேத்திகளும் இங்கேயேதான் இருக்கப் போகிறார்கள். ஐந்து நிமிடத்தில் தெரியாதது இது. எந்தக் கூட்டம் எந்த வளவுக்கு எந்த மாதம் வருகிறது என்று ஒரு வருடம் எழுதி வைத்தால் பயனிருக்கும் என நினைத்து, பழைய கொப்பியொன்றில் நான் எழுதிவருகிறேன்.

வாப்பா அதற்குக் காத்திருக்கவில்லை. ஐந்து தென்னையைத் தறித்துவிட்டார். வாழை நின்ற இடத்தில் கிளிரிசீடியா ஊன்றி மிளகு நட்டிருக்கிறோம். மிளகைக் குரங்கு தொடாது. ஆனால் அதைச் சமைத்துச் சாப்பிடவும் முடியாது, விற்றுத்தான் அரிசியும் தேங்காயும் வாங்க வேண்டும். பலாவில் மட்டும் கத்தி வைக்க உம்மும்மா விடவில்லை. பஞ்ச காலத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மரம் என்கிறார்.

மிளகு காய்க்க மூன்று வருடமாவது ஆகும். அதுவரை நானா அனுப்புவதுதான்.