இரண்டு வருடப் பிறப்பு, ஒரே தோரணம்

யுகாதிக்கு முந்தின நாள் மாலை சித்தூர் கடைத்தெருவில் நடப்பவர்கள் தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். மாவிலைக் கொத்துகள், வேப்பம்பூ, பச்சடிக்கான மாங்காய், புதுப் புளி, வெல்லம். மறுநாள் காலைக்குள் அந்த இலைகள் வாசல் நிலைகளுக்கு இடம் மாறிவிடும்.

தோரணம் கட்டுவது பெரிய வித்தையில்லை. ஆனால் இலையைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். செம்பு நிறத் தளிர் கண்ணுக்கு அழகு, காரியத்துக்கு உதவாது. கட்டி முடிப்பதற்குள் துவண்டுவிடும். முற்றிய கரும்பச்சை இலையைக் காம்போடு பறித்து, ஈரத்துணியால் துடைத்து வைக்கிறார்கள். வாசல் அகலத்தைவிட ஒரு முழம் கூடுதலாகச் சணல் கயிறு. இலையின் காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து, தென்னை ஈர்க்குச்சித் துண்டால் குத்திவிட்டால் போதும். எண்ணிக்கை ஒற்றைப்படை, பெரும்பாலும் 11 அல்லது 21. நடுநடுவே சாமந்தி. அவசரக்காரர்கள் ஸ்டேப்ளர் அடிப்பதும் உண்டு. காய்ந்த இலை கிழிந்து விழும்வரை யாரும் குறை சொல்வதில்லை. பறித்த மாவிலை வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற விளக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நாள் நிறம் மாறாமல் தொங்கும் இலை என்ற ஒரு காரணமே போதுமானது.

இங்கே அதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டம் எப்போதும் இருமொழிப் பிரதேசம்தான். 1960-ல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே தங்கியது. கோட்டுக்கு வடக்கே நின்றுபோன தமிழ்க் குடும்பங்களுக்கு வருடம் இரண்டு முறை பிறக்கிறது. ஊரோடு யுகாதி, வீட்டோடு சித்திரை. 2024-ல் யுகாதி ஏப்ரல் 9. ஐந்தே நாளில் தமிழ்ப் புத்தாண்டு. ஒரே தோரணம் இரண்டுக்கும் பச்சையாகவே நின்றது. 2023-ல் இடைவெளி 23 நாள். சருகை அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. சந்திர மாதமும் சூரிய மாதமும் போடும் கணக்கு, வாசலில் இலையாகத் தெரிகிறது.

அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, திருப்பதி மலைமேல் பூவின் கணக்கே வேறு. யுகாதிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை கோவிலைக் கழுவி நறுமணக் கலவை பூசும் ஆழ்வார் திருமஞ்சனம். யுகாதியன்று மலர் அலங்காரத்தோடு ஆஸ்தானம். ஆனால் கீழே கூந்தல் நிறைய மல்லிகையோடு பஸ் ஏறும் பெண்கள் திருமலையில் பூச்சூடுவதில்லை. அங்கே மலர்ந்ததெல்லாம் பெருமாளுக்கே என்பது மரபு. ராமானுஜரின் சீடர் அனந்தாழ்வான் பூப்பணிக்கென்றே மலையேறி நந்தவனம் அமைத்தவர். தேவஸ்தானக் கோவில்களில் பயன்படுத்திய பூக்கள் 2021 முதல் ஊதுவத்தியாகவும் விற்பனைக்கு வருகின்றன.

மாவிலைக்கு அப்படி ஒரு மறுபிறவி இல்லை. அதைக் கொடுக்கும் மரத்தின் பாடும் லேசானதல்ல. சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் அதிகம் நிற்பது தோத்தாபுரி, தமிழர் வாயில் கிளிமூக்கு. பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போகிற ரகம். யுகாதி சமயத்தில் மரத்தில் பிஞ்சு பிடித்திருக்கும். பிஞ்சுக்கு உணவு தயாரிப்பதே இலைதான் என்பதால், கிளையோடு ஒடிப்பவர்களைக் கண்டால் தோட்டக்காரருக்குக் கோபம் வருவது நியாயம். 2025-ல் அந்தப் பிஞ்சுகள் பழுத்தபோது வாங்க ஆளில்லை. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று அறிவிப்பு வந்தது. அந்த 8 ரூபாய்கூடக் கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் குமுறினார்கள். பழம் சாலையில் கொட்டப்பட்டது.

கடைத்தெருவில் இப்போது பிளாஸ்டிக் மாவிலையும் தொங்குகிறது. வாடாது, வருடக்கணக்கில் வரும். யுகாதிக்கும் சித்திரைக்கும் நடுவே அதை அவிழ்க்க வேண்டிய வேலையும் இல்லை. ஆனாலும் பண்டிகைக்கு முந்தின மாலை கூட்டம் மொய்ப்பது தரையில் கிடக்கும் கொத்துகளைச் சுற்றித்தான்.