அரை ஆள்

கல்லூரி மாணவர் மனநல ஆய்வு என்றதும் எல்லாருக்கும் கேள்வித்தாள்தான் கண்ணில் படும். மலாய் வாசகம் பிள்ளைகளுக்குப் புரியுமா, தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கலாமா கூடாதா, பெயர் கேட்காவிட்டாலும் மெட்ரிக் எண் கேட்கலாமா என்று கூட்டம் போட்டு மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அதே கட்டுக்குள் இரண்டு பக்கத்தில் இன்னொரு படிவம் இருக்கும். அது மாணவருக்கு இல்லை, கல்லூரிக்கு. மொத்த மாணவர் எத்தனை, ஆண் எத்தனை பெண் எத்தனை, விடுதியில் எத்தனை பேர், வளாகம் நகரத்திலா கிராமத்திலா, கிளினிக் உண்டா, கவுன்சலர் எத்தனை பேர். எங்கள் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. "இது ஆபீஸ் வேலைதானே, நீங்களே போட்டுடுங்க மேடம்" என்று என் பக்கம் நகர்த்திவிட்டார்கள்.

அப்போது நான் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் மாணவர் நலப் பிரிவில் இருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான ஆயர் தாவாருக்கே திரும்பி வந்துவிட்டேன். கவுன்சலிங் பட்டப்படிப்பு சொல்லித்தராத பலவற்றை அந்த இரண்டு பக்கம் எனக்குச் சொல்லித்தந்தது.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். மொத்த மாணவர் எண்ணிக்கை. பதிவகத்துத் தம்பியிடம் போய்க் கேட்டேன். "எந்தக் கணக்கு மேடம் வேணும்?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். உயர்கல்வி அமைச்சுக்கு அனுப்புவது ஒரு கணக்கு. கட்டணம் வசூலிக்கும் பிரிவு வைத்திருப்பது ஒரு கணக்கு. விடுதி வார்டன் அக்காவிடம் இருப்பது கட்டில் கணக்கு. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எதுவும் பொய்யும் இல்லை. கடைசி செமஸ்டரில் பிராக்டிக்கல் என்ற தொழிற்பயிற்சிக்கு ஷா ஆலாமுக்கும் பினாங்குக்கும் போன பிள்ளைகள் பதிவேட்டில் இருப்பார்கள், வளாகத்தில் இருக்க மாட்டார்கள். கட்டணப் பாக்கி ஏறி வீட்டோடு நின்றுவிட்ட பையன், நிற்பதாக எழுதிக் கொடுக்காத வரையில் மாணவன்தான். ஜனவரி இண்டேக்கில் சேர்ந்து, வேறு எங்கோ இடம் கிடைத்ததும் சொல்லாமல் போனவர்களும் உண்டு.

இது குமாஸ்தாத் தொல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அப்படி இல்லை. பதிவேட்டில் 1,000 பேர், வளாகத்தில் நடமாடுவது 600 பேர், பதில் எழுதியது 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டைக் கொண்டு வகுத்தால் 30 விழுக்காடு பதில், ஆய்வு சுமார். வளாகத்தைக் கொண்டு வகுத்தால் 50, ஆய்வு பரவாயில்லை. பிள்ளைகள் எழுதிய பதிலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆய்வின் மதிப்பு மட்டும் மாறிவிடுகிறது. இத்தனைக்கும் காரணம் யாரும் வாசிக்காத படிவத்தின் முதல் வரி.

பள்ளிகளில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். சுகாதார அமைச்சு 2022-இல் நடத்திய வளரிளம் பருவத்தினர் ஆய்வில் நாடு முழுக்க 239 பள்ளிகளிலிருந்து 33,523 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். மனச்சோர்வு அறிகுறி 26.9 விழுக்காட்டினரிடம் தெரிந்தது. நான்கில் ஒருவர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த எண்ணை நம்பலாம் என்றால், கேள்வி கேட்கும் முன்பே ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற பட்டியல் கையில் இருந்ததுதான் காரணம். உலகச் சுகாதார நிறுவனம் பள்ளி மாணவர் ஆய்வுக்கு வகுத்த முறையும் அதுதான்: மாணவர் தொகைக்கு ஏற்பப் பள்ளிகளைப் பொறுக்குவார்கள், பிறகு அந்தப் பள்ளிக்குள் வகுப்புகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். பள்ளியில் மூன்றாம் படிவம் சி வகுப்பில் யார் யார் என்று தலைமையாசிரியருக்குத் தெரியும். கல்லூரியில் அந்த வகுப்பே கிடையாது. திங்கள் காலை கணக்கியலில் இருப்பவன் மதியம் எங்கே இருப்பான் என்று அவனுக்கே சந்தேகம்.

அமெரிக்காவில் கல்லூரிச் சுகாதாரச் சங்கம் 2000-இலிருந்து இப்படி ஓர் ஆய்வை நடத்துகிறது. எல்லா மாணவரையும் கேட்ட கல்லூரி, அல்லது குலுக்கல் முறையில் தேர்ந்து கேட்ட கல்லூரி, இவற்றின் தரவைத்தான் தேசியத் தொகுப்பில் சேர்ப்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கிய இன்னோர் ஆய்வில் கல்லூரி தரும் ஆண் பெண் கணக்கு, இனக் கணக்கு இவற்றை வைத்துப் பதில்களுக்கு எடை போடுகிறார்கள். பொதுவாகப் பெண் பிள்ளைகள்தாம் உட்கார்ந்து பதில் எழுதுவார்கள். எங்கள் ஆட்டோமோட்டிவ் டிப்ளோமா பையன்கள் படிவத்தை மடித்து மேசைக்கு முட்டுக் கொடுப்பார்கள். எடை போடாமல் கூட்டினால் கல்லூரியின் மனசு என்று வருவது கம்ப்யூட்டர் வகுப்புப் பெண்களின் மனசாகத்தான் இருக்கும்.

அடுத்த பெட்டி என்னைச் சொந்த ஊருக்கே இழுத்து வந்தது. மாணவர்களின் வசிப்பிடம்: நகரம் எத்தனை விழுக்காடு, புறநகரம் கிராமம் எத்தனை. பதிவேட்டில் முகவரி இருக்கிறதே, எண்ணிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பிறந்தது ஆயர் தாவாருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். இப்போது அது முழுக்கச் செம்பனை. அதனால் மஞ்சோங், பேராக் தெங்ஙா முகவரிகளைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் கடிதம் வந்து சேரும் முகவரியைத்தான் எழுதுவார்கள், குடியிருக்கும் முகவரியை இல்லை. டவுனில் மாமா வீடு, சித்தப்பா கடை, கோயில் தலைவரின் வீடு. சிலருக்குத் தோட்டமே இல்லாமல் போயிருக்கும். நிலம் கைமாறி, லயத்து வரிசை வீடுகள் இடிபட்டு, குடும்பம் மலிவு விலை வீட்டுக்குப் போயிருக்கும். நானும் ஒரு காலத்தில் விண்ணப்பம் எல்லாவற்றிலும் ஆயர் தாவார் டவுன் முகவரிதான் போட்டேன். தபால் ஒழுங்காக வரும் என்பது சொல்லிக்கொள்ளும் காரணம். தோட்டம் என்ற வார்த்தை அந்தத் தாளில் இருக்கக் கூடாது என்பது உள்ளே இருந்த காரணம்.

நாட்டின் புள்ளிவிவரத் துறைக்கு நகரம் என்றால் ஓர் இலக்கணம் உண்டு: அரசிதழில் அறிவிக்கப்பட்ட பகுதியும் அதை ஒட்டிய கட்டடப் பகுதியும் சேர்ந்து 10,000 பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நாடு முழுக்கக் கணக்கெடுக்க அது போதும். ஆனால் விடுதியில் ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கமில்லாமல் நடக்கும் பெண்ணைப் புரிந்துகொள்ள, அவள் வீட்டுக்குப் போகும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, அப்பா இன்னும் விடிகாலையில் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிறாரா, குடியிருக்கும் வீடு கம்பெனி வீடா என்பதெல்லாம் தெரிய வேண்டும். இவற்றுக்குப் பெட்டி இல்லை.

இந்த இடத்தில் மால்கம் வாட்சனை நினைக்காமல் இருக்க முடியாது. 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த ஸ்காட்லாந்துக்காரர். மலேரியாவில் நம் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்த காலம். தோட்டம் தோட்டமாகப் போய்ச் சிறுபிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். அத்தோடு விட்டிருந்தால் வீங்கியது இத்தனை, வீங்காதது இத்தனை என்று ஓர் அட்டவணை மிஞ்சியிருக்கும். அவர் பக்கத்திலேயே தோட்டத்தின் விவரத்தையும் எழுதினார்: நிலம் சமதரையா மேடா, குன்று எவ்வளவு தூரம், காடு வெட்டப்பட்டதா, தண்ணீர் தேங்குகிறதா ஓடுகிறதா. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சமதரையில் காட்டை வெட்டி வாய்க்கால் போட்டால் மலேரியா இறங்குகிறது; அங்கே நோயைப் பரப்பும் கொசு நிழல் தண்ணீரில் வளர்வது. குன்றுப் பக்கம் அதையே செய்தால் ஏறுகிறது; அங்கே இருக்கும் அனாபிலஸ் மாகுலேட்டஸுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். ஒரே வைத்தியம் ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் விஷம். 1911-இல் வெளியான அவருடைய புத்தகத்தில் இந்த விவரமெல்லாம் இருக்கிறது. பிள்ளைகளின் வயிறு மட்டும் சொல்லியிருக்க முடியாத சேதி இது.

எங்கள் தோட்டத்து செக்ரோலும், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேடும், எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. பெயர் வெட்டப்பட்ட ஆள் எங்கே போய்ச் செத்தாலும் அது அந்தத் தோட்டத்துச் சாவாகாது. பிராக்டிக்கலுக்குப் போன பிள்ளைகளை நாங்கள் எண்ணிய விதமும் கிட்டத்தட்ட இதுதான்.

இனி நான் மறைக்காமல் சொல்ல வேண்டிய இடம். அந்தப் படிவத்தில் எனக்குப் பிடிக்காத வரி ஒன்று இருந்தது: முழுநேரக் கவுன்சலர் எத்தனை பேர்? கல்லூரியில் கவுன்சலர் என்றால் நான் ஒருத்திதான். 1998-ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி வாரியத்தில் பதிந்து, சான்றிதழைத் தவறாமல் புதுப்பித்துவந்தவள். அந்தக் கணக்கில் 1 என்று போடலாம். ஆனால் என் நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். விடுதிச் சாவி தொலைந்தால் நான். விளையாட்டுப் போட்டிக்குத் தண்ணீர்ப் போத்தல் எண்ணுவது நான். பொங்கல் விழா, தீபாவளி உபசரிப்பு, பட்டமளிப்பு நாளில் வி.ஐ.பி. நாற்காலி எல்லாம் நான். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளை சொல்வதை முழுதாகக் கேட்பது வாரத்தில் பாதி நேரம் இருந்தால் அதிகம். அமெரிக்காவில் கவுன்சலிங் நிலையங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 1,000 முதல் 1,500 மாணவருக்கு ஒரு முழுநேர ஆள் என்று அப்போது சொல்லிவந்தது. 1 என்று எழுதினால் நாங்கள் அந்த வரம்புக்குள் கம்பீரமாக நிற்போம். 0.5 என்று எழுதினால் விழுந்துவிடுவோம்.

படிவம் என் மேசையில் கிடந்தது. மற்ற எல்லாப் பெட்டியும் நிரம்பிவிட்டது, அந்த ஒன்றைத் தவிர. பயம் நிர்வாகத்திடம்தான் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த அரை என்னைக் கூச வைத்தது. இத்தனை வருஷம் ஓடி ஓடிச் செய்த வேலை, கணக்கில் அரை ஆள்தானா? பெயர் போடும் பலகையில் முழு ஆளாக இருந்துவிட்டு, தாளில் அரையாக ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. கேள்வித்தாளில் பிள்ளைகளிடம் கடந்த இரண்டு வாரத்தில் உங்களைப் பற்றித் தாழ்வாக நினைத்தீர்களா என்று கூசாமல் கேட்கிறோம். அவர்களும் எழுதிக் கொடுக்கிறார்கள். கல்லூரியைப் பற்றி அதே அளவு பச்சையாக ஒரு வரி கேட்டதும் ஆபீஸ் முழுக்க மௌனம். நானும் அதில் சேர்த்தி.

மேலிடத்தில் இருந்தவர் ஒருவர், நல்லவர்தான், "ஒன்னுன்னே போட்டுடுங்கம்மா, அப்புறம் ஆளு போடச் சொல்லிக் கேட்பாங்க" என்றார். அவருக்கு வேறு கவலையும் இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு அப்போது அமலில் இருந்தது. தற்கொலை முயற்சி ஓர் ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அது 2023-இல்தான் நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியையும் கவுன்சலர் பற்றாக்குறையையும் ஒரே கட்டில் அனுப்புவது எந்த நிர்வாகிக்கும் உறுத்தும். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைசியில் பெட்டியில் 1 போட்டேன். பெட்டியில் தசமத்துக்கு இடமில்லை. குறிப்புப் பகுதியில் என் வாரம் எப்படிப் பிரிகிறது என்று எழுதினேன், சாவி, நாற்காலி, போத்தல் உட்பட. ஆய்வுக் குழுவிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், இப்படி எழுதி வந்தது உங்க காலேஜ்லேருந்து மட்டும்தான்" என்றார். மற்றக் கல்லூரிகளில் எல்லாம் முழு ஆட்கள் இருந்திருக்கலாம். எனக்குச் சந்தேகம்தான்.

அவர் வேறொன்றும் சொன்னார், அது நான் யோசிக்காதது. நான் ஆர்வக்கோளாறில் துறை வாரியாக, இன வாரியாக, விடுதிக் கட்டட வாரியாக எல்லாம் பிரித்து அட்டவணை போட்டு அனுப்பியிருந்தேன். "அஞ்சுக்குக் கீழ இருக்கிற கட்டத்தை எல்லாம் மறைச்சிடுங்க" என்றார். ஆட்டோமோட்டிவில் ஒரே ஓர் இந்தியப் பெண். பெயர் போடாவிட்டால் என்ன, அந்தக் கட்டத்தில் மனச்சோர்வு 100 விழுக்காடு என்று வந்தால் கேன்டீன் வரைக்கும் தெரிந்துவிடும் யார் என்று. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்ததிலிருந்து மாணவர் விவரத்தைக் காப்பது தனியார் கல்லூரிகளுக்குச் சட்டக் கடமையும்கூட. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு நான் கடமைப்பட்டவள். பின்னணி விவரம் கூடக் கூட நல்லது என்று நினைத்தவளுக்கு, அளவு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டிய தொலைபேசி அது.

ஆய்வு முடிவு வந்தது. எங்கள் கல்லூரிக்கு மட்டும் இரண்டு பக்கம். நிர்வாகக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினார்கள். இரண்டாவது கவுன்சலர் வரவில்லை. விளையாட்டுப் போட்டிப் பொறுப்பு மட்டும் என்னிடமிருந்து வேறொருவருக்குப் போனது. அரையிலிருந்து முக்காலுக்கு ஏறினேன் என்று வார்டன் அக்கா கிண்டல் செய்வார்.

என் நாற்காலிக்கு வந்த பெண் இப்போது அந்தப் படிவத்தை நிரப்புகிறாள். எண்ணிக்கை எடுத்த தேதியைப் பக்கத்திலேயே எழுதுகிறாள், பிராக்டிக்கலில் இருப்பவர்களைத் தனி வரியில் காட்டுகிறாள். போன மாதம் அழைத்து ஒரு சந்தேகம் கேட்டாள். அந்தத் தனி வரிப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அனுப்புவதா வேண்டாமா? ஆய்வுக் குழு, வளாகத்தில் இல்லாதவர்கள் என்று விட்டுவிடச் சொல்கிறது. வேலைக்கு எடுத்திருக்கும் கம்பெனிக்கு அவர்கள் தொழிலாளர்களும் இல்லை. வாடகை அறையில் நான்கு பேராகத் தங்கி, அலவன்ஸ் எப்போது வரும் என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகள். அனுப்பு, பதிலைத் தனியாக வை, தொகுப்பில் சேர்க்காதே என்றேன். அவள் அனுப்பியிருக்கிறாள். பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன, யார் வாசிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.