வேம்பு காட்டிக்கொடுத்த பெயர்

அகப்பாடல்களில் தலைவன், தலைவி இன்னாரென்று பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. காதல் எல்லோர்க்கும் பொதுவான உணர்வு, பெயர் வந்துவிட்டால் அது ஒருவருடைய வரலாறாகிவிடும் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். முதுகலை வகுப்பில் நானும் ஆண்டுதோறும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். கூடவே எனக்கு இன்னொன்றும் தோன்றுவதுண்டு. ஒருவருடைய அந்தரங்கத்தைப் பேச நேர்ந்தால், ஊரார் கண்ணிலிருந்து அவரை மறைத்துவிட்டுப் பேசு என்கிற நாகரிகமும் அதில் அடங்கியிருக்கிறது.

இந்த மரபு மிக நுட்பமாகச் சோதிக்கப்பட்ட இடம் நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய 188 அடிப் பாட்டு. அரண்மனையில் பிரிவால் வாடும் அரசி; பாசறையில், வாடை வீசும் நள்ளிரவில், புண்பட்ட வீரர்களைக் காணச் செல்லும் அரசன். எவர் பெயரும் பாட்டில் இல்லை. ஆனால் அங்கே வருகிற வேலின் தலையில் வேப்பந்தார் கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ. அந்த ஒன்றைக் கொண்டே நச்சினார்க்கினியர், தலைவன் யாரென்பது தெரிந்துவிட்டது, எனவே இப்பாட்டு அகமாகாது, புறமே என்றார். பெயரை மறைத்தால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை என்பதை அந்த உரையாசிரியர் அறிந்திருந்தார்.

செல்பேசிச் செயலிகள், பெயர் நீக்கிய தகவலை மட்டுமே பிறருக்குத் தருவதாக உறுதி கூறும்போதெல்லாம் எனக்கு அந்த வேம்பு நினைவுக்கு வருகிறது. 2013இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 15 லட்சம் பேருடைய செல்பேசிகள் 15 மாதங்களில் எங்கெங்கே இருந்தன என்னும் பதிவை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். எந்த நேரத்தில் எந்த இடம் என்கிற நான்கே நான்கு குறிப்புகள் போதும், 95 விழுக்காட்டினரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. 2019இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், 1.2 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செல்பேசிகளின் ஏறத்தாழ 5,000 கோடி இருப்பிடக் குறிப்புகளைப் பெற்று ஆராய்ந்தது. அவற்றிலும் பெயர்கள் இல்லை. ஆனால் இரவில் புள்ளி தங்கும் இடம் வீடு, பகலில் நிற்கும் இடம் அலுவலகம். இவ்விரண்டும் தெரிந்த பிறகு பெயர் எதற்கு?

இவை முகமறியா நிறுவனங்களின் கண்கள். வீட்டிலிருந்து பார்க்கும் கண்ணும் ஒன்று உண்டு. எங்கள் மாணவி ஒருத்தியின் செல்பேசியில் அவளுடைய அண்ணன் ஒரு செயலியை நிறுவியிருக்கிறான். புள்ளி கல்லூரி வளாகத்தைத் தாண்டினால் அவனுக்கு எச்சரிக்கை போகும்; அடுத்த சில நிமிடங்களில் அழைப்பு வரும். ஒருநாள் மதியம் அவள் என்னிடம் வந்து, "ஐயா, இந்த போன் உங்க மேசையில கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?" என்று கேட்டாள். வைத்துவிட்டுப் போ என்றேன். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் அந்தப் புள்ளி, நல்ல பிள்ளையாக, தமிழ்த்துறையிலேயே அமர்ந்திருந்தது. அவள் எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டும் சேர்ந்தால் வேம்பாகிவிடும்.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளவில்லை. மகள் வீடு திரும்பத் தாமதமானால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கும் தாயின் தவிப்பு உண்மையானது. ஆனால் செல்பேசி இருக்குமிடத்தைத்தான் புள்ளி சொல்லும். அதை வைத்திருப்பவள் நலமா, அச்சத்தில் இருக்கிறாளா என்று அதற்குத் தெரியாது. இடர் நேரும்போது கூப்பிட உதவ வேண்டிய கருவியை அவள் விட்டுவிட்டுப் போகும்படி ஆக்கியதே அந்தக் காவல்தான்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவுகள் அச்சட்டத்தின் எல்லைக்குள் வாரா. அண்ணனின் செயலிக்கு அது மறுமொழி சொல்லாது. அதை வீட்டுக்குள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

நம் கையில் உள்ளவை சில. செல்பேசியின் அமைப்புகளில், எந்தெந்தச் செயலி இருப்பிடம் கேட்கிறது என்ற பட்டியல் இருக்கிறது. ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். வரைபடத்துக்கு இருப்பிடம் வேண்டும், அதுவும் பயன்படுத்தும்போது மட்டும். கைவிளக்குச் செயலிக்கு எதற்கு? வீட்டுப் பிள்ளைகளின் செல்பேசியில் ஏதேனும் நிறுவுவதாயின், அவர்களைக் கேட்டு, அவர்கள் அறிய நிறுவுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், ஏன் என்பதையும் கேளுங்கள்.

களவுக் காலத்துத் தலைவி அஞ்சியது அலருக்கு. ஊர்வாய் பேசினாலும் அது தெருவோடு நின்றது, நாளடைவில் மறந்தும் போனது. இந்தப் புள்ளிகளைச் சேமித்து வைக்கும் இடங்களுக்கு மறதி என்பதே இல்லை. அந்தப் பெண் திரும்பி வந்து செல்பேசியை எடுத்துக்கொண்டபோது, "நன்றி ஐயா" என்று மட்டும் சொன்னாள். இருபது வயதில், இரண்டு மணி நேரத்தை எவருக்கும் கணக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.