கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும்

மலர்க்குழு மாணவர்கள் வந்து, "ஐயா, இவ்வாண்டு மலருக்குத் தங்கள் கட்டுரை கட்டாயம் வேண்டும்" என்று கேட்டபோது, நன்னூலைப் பற்றி எழுதித் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். எழுத அமர்ந்தபோதோ, பவணந்தி முனிவரோடு ஒரு கணிப்பொறி நிரலும் ஒரு மாணவியின் முகமும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. மூன்றையும் பிரித்து எழுத எனக்குக் கைவரவில்லை. தமிழ்த்துறை மலரில் மென்பொருளுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகின்றேன்.

ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் தொகுத்துச் சொல்கிறது. அவற்றுள் கூறியது கூறல் என்பதும் மாறுகொளக் கூறல் என்பதும் அடுத்தடுத்து நிற்பவை. இருபதாண்டுகளாக இப்பகுதியைப் பாடம் நடத்தி வந்தவன் நான். கூறியது கூறல் படிப்பவருக்குச் சலிப்பைத் தரும் சிறு குற்றம் என்றும், முன் சொன்னதற்கு முரணாகப் பின் சொல்லுதல் பெருங்குற்றம் என்றும் வகுப்பில் விளக்குவது என் வழக்கம். சிறு குற்றமே நாளடைவில் பெருங்குற்றமாக வளரும் என்று 2022 வரை எனக்குத் தோன்றியதில்லை.

அப்போது நான் வேறொரு கல்லூரியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அதன் பெயர் இங்கு வேண்டா. இளங்கலைத் தமிழ் இறுதிப் பருவ மாணவி ஒருத்தி, தேர்வு முடிவு வந்த மூன்றாம் நாள் என்னைத் தேடி வந்தாள். ஒரு தாளில் மட்டும் 39 மதிப்பெண். தேர்ச்சிக்கு 40 வேண்டும். எழுத்துத் தேர்வில் 75-க்கு 30, அகமதிப்பெண் 25-க்கு 9 என்று மதிப்பெண் பட்டியல் காட்டியது. அவள் கையில் மற்றொரு தாளும் இருந்தது. பருவத்தின் இறுதியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அகமதிப்பெண் பட்டியலின் நகல் அது. அதில் அவள் பெயருக்கு நேரே 13 என்றிருந்தது.

நான் சொன்ன விடையை இன்றும் மறக்க முடியவில்லை. "பலகையில் ஒட்டியதில் ஏதோ கைத்தவறு நேர்ந்திருக்கும் அம்மா. தேர்வுப் பிரிவிலிருந்து வந்தது கணிப்பொறி போட்ட கணக்கு; அது தவறாது." அவள் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தாள்களையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தமிழாசிரியை ஆக வேண்டும் என்று கல்வியியல் படிப்பிற்கு விண்ணப்பித்திருந்தவள் அவள்.

இரவு உணவுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பலகையில் ஒட்டிய தாளையும் மனிதர் எவரும் கையால் எழுதவில்லையே! அதுவும் அதே மென்பொருள் அச்சிட்டதுதான். ஒரே பொறி, ஒரே மாணவி, ஒரே பருவம். விடை மட்டும் இரண்டு.

என் மகள் அப்போது கணிப்பொறிப் பயன்பாட்டியலில் இளங்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன். எண்களைக் கேட்டு வாங்கித் தாளில் எழுதிப் பார்த்தாள். அம்மாணவி மூன்று அகத்தேர்வுகளுள் முதல் இரண்டில் 14, 12 பெற்றிருந்தாள். மூன்றாவது நாளில் தாயை மருத்துவமனையில் சேர்த்ததால் தேர்வுக்கு வரவில்லை. "அத்தா, இருபத்தாறை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய ஒன்பது. இரண்டால் வகுத்தால் பதின்மூன்று. உங்கள் கல்லூரியில் விதி என்ன?" என்று கேட்டாள்.

முன்பெல்லாம் மூன்று தேர்வுகளின் சராசரியே அகமதிப்பெண். அவ்வாண்டுதான் கல்விக்குழு அதனை மாற்றி, சிறந்த இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருந்தது. மென்பொருளின் ஓரிடம் புதிய விதிப்படியும் மற்றோரிடம் பழைய விதிப்படியும் கணக்கிட்டிருக்கின்றன என்பது தெளிவாயிற்று. மூன்று தேர்வுகளையும் ஒரே சீராக எழுதியவர்களுக்கு இரண்டு விதிகளும் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தருமாதலால் எவரும் முறையிடவில்லை. ஒரு தேர்வைத் தவறவிட்டவர் தலையில்தான் அது விடிந்தது.

மறுநாள் தேர்வு நெறியாளரைக் கண்டேன். நேர்மையான மனிதர், உடனே முதல்வரிடம் அழைத்துச் சென்றார். நிரலை எழுதிய பழைய மாணவர் வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தார். முதல்வரின் இசைவோடு, கல்லூரியின் கணிப்பொறித்துறை ஆசிரியர் ஒருவரும் என் மகளும் சேர்ந்து நிரலைத் திறந்து பார்த்தனர். எனக்குப் புரியாத மொழியாயினும் நானும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அகமதிப்பெண் கணக்கிடும் பகுதி ஒன்றே ஒன்று இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். ஐந்து இருந்தன. ஆசிரியர் மதிப்பெண் பதியும் திரையில் ஒன்று; அறிவிப்புப் பலகைப் பட்டியலில் ஒன்று; பெற்றோருக்கு அனுப்பும் அறிக்கையில் ஒன்று; தேர்வுப் பிரிவின் இறுதிப் பட்டியலில் ஒன்று; ஆண்டுப் பதிவேட்டில் ஒன்று. முதலில் ஓரிடத்தில் எழுதிய வரிகளை, தேவைப்பட்டபோதெல்லாம் அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார். விதி மாறியதும் அவரிடம் தொலைபேசியில் சொல்ல, அவர் அங்கிருந்தபடியே மூன்றிடங்களில் திருத்தியிருக்கிறார். மற்ற இரண்டும் அவர் நினைவுக்கு வரவில்லை. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஊதியமின்றித் தாய்க்கல்லூரிக்குச் செய்த வேலை அது. ஏடெழுதியவரும் இப்படித்தான். மூல ஏட்டைப் பார்த்து ஐவர் ஐந்து படி எடுத்துக்கொண்டு போனபின், மூலத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால் ஐந்து படிகளும் தாமே திருந்திவிடுமா? என் இளமுனைவர் ஆய்வே பாடவேறுபாடுகளைப் பற்றியது. அப்படியிருந்தும் இதை நான் முன்னரே ஊகிக்கவில்லை.

மென்பொருள் அறிஞர்கள் இக்குற்றத்தை நெடுநாளாக அறிந்திருக்கின்றனர். வில்லியம் ஆப்டைக் என்பார் 1992-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நிரல் மறுசீரமைப்பையே பொருளாகக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். 1999-இல் மார்ட்டின் ஃபௌலர் வெளியிட்ட 'ரீஃபாக்டரிங்' என்னும் நூல் இத்துறையில் பெயர் பெற்றது. கெட்டுப்போன பண்டத்தை வாடையால் அறிவதுபோல், சீர்கெட்ட நிரலை அறிவதற்கான அடையாளங்களை அந்நூல் அடுக்குகிறது. 1999-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வடுக்கின் முதலில் நிற்பது கூறியது கூறலே! நம் இலக்கணியர் அருகில் நின்று தலையசைப்பதுபோல் எனக்குப் பட்டது.

ஒரே ஒரு வரி இரட்டித்ததால் வந்த கேட்டையும் மகள் சொன்னாள். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் முதலிய கருவிகளில், நாம் தொடர்புகொள்ளும் தளம் உண்மையானதுதானா என்று சரிபார்க்கும் பகுதி ஒன்றுண்டு. 'பிழை இருந்தால் வெளியேறு' என்னும் பொருளில் நிபந்தனை ஒரு வரியிலும், வெளியேறும் கட்டளை அடுத்த வரியிலும் அமைந்திருந்தன. அந்தக் கட்டளை வரி எப்படியோ இருமுறை எழுதப்பட்டுவிட்டது. முதலாவது நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவதற்கு நிபந்தனையே இல்லை. ஆகவே பிழை இல்லாதபோதும் நிரல் பாதியிலேயே வெளியேறி, இறுதிச் சரிபார்ப்பைச் செய்யாமலே 'எல்லாம் சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2014 பிப்ரவரியில் திருத்தம் வெளியிடும்வரை, போலித் தளம் மெய்த்தளமாக நடிக்க வழி திறந்தே கிடந்தது.

எங்கள் நிரலில் வேறொரு குற்றமும் இருந்தது. இறுதிப் பட்டியல் தயாரிக்கும் செயற்கூறு ஏறத்தாழ நானூறு வரிகள் நீண்டது. 'இது இருந்தால், அதற்குள் அது இல்லாவிட்டால், அதற்குள்ளும்...' என்று நிபந்தனைக்குள் நிபந்தனை. நன்னூலின் மயங்க வைத்தல் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டா. இச்சிக்கலை அளக்கவும் வழி உண்டாம். 1976-இல் தாமஸ் மெக்கேப் வகுத்த கணக்கின்படி, செயற்கூற்றில் வழி பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு மேற்போனால் எச்சரிக்கை கொள்ளத் தக்கது என்பது அவர் கருத்து. இங்கே நாற்பதைத் தாண்டியது. திருத்த வந்தவர் கண்ணில் இந்தப் பகுதி படாமற்போனதில் வியப்பில்லை.

பிழையான இரண்டு இடங்களையும் அன்றே திருத்திவிட்டனர். மறுசீரமைப்பு வேலை காலாண்டு விடுமுறையில் நடந்தது. நான் பொறுமையிழந்து, "அழித்துவிட்டுப் புதிதாக எழுதிவிடலாமே" என்றேன். மகள் இசையவில்லை. வெளிப்பயன் சிறிதும் மாறாமல் உள்ளமைப்பை மட்டும் சீர்செய்வதே மறுசீரமைப்பு என்றாள். செய்யுளில் சந்தி பிரித்துப் பதம் காண்பதுபோல என்று எண்ணிக்கொண்டேன். பிரித்த பின்னும் பொருள் அதுவே. எனவே அவள் முதலில் நிரலைத் தொடவேயில்லை. பழைய மாணவர் அறுபது பேருடைய மதிப்பெண்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் வர வேண்டிய விடையைக் கையால் கணக்கிட்டுப் பட்டியலிட்டாள். பிறகு ஒரு சிறு மாற்றம். உடனே அறுபது விடைகளோடும் ஒப்பீடு. அடுத்த மாற்றம், மீண்டும் ஒப்பீடு. நானூறு வரிச் செயற்கூறு, பெயரைப் படித்தாலே பணி விளங்கும் சிறு செயற்கூறுகளாகப் பிரிந்தது.

நகல்களைத் தேடுவதற்குக் கருவிகள் உள்ளன. அவை நிரலைச் சொல் சொல்லாகப் பிரித்து, இடைவெளிகளையும் குறிப்புரைகளையும் ஒதுக்கிவிட்டு, ஒரே வரிசையில் நீளமாக ஒத்துவரும் பகுதிகளை இணை இணையாகக் காட்டுகின்றன. அப்படிக் காட்டியதில்தான் எதிர்பாராத ஒன்று அகப்பட்டது. திருத்துவதற்கு முன்னிருந்த நிரலில், பழைய விதியைக் கொண்டிருந்த இரண்டு இடங்களோடு மூன்றாவதாக ஒன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்து நின்றது. மூன்றைக் கூட்டி மூன்றால் வகுக்கும் அதே வரிகள். கணிப்பொறித்துறை ஆசிரியர், "இதையும் மாற்றிவிடுவோம்" என்றார். மகள் என் பக்கம் திரும்பி, "அத்தா, இது பிழையா, சரியா? கருவிக்கு அது தெரியாது" என்றாள்.

அது வேதியியல் செய்முறைப் பயிற்சியின் மதிப்பெண். அத்துறைத் தலைவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "செய்முறைக்கு மூன்றின் சராசரிதான். கல்விக்குழு அதை மாற்றவில்லை" என்றார். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை பொருளால் வேறு. ஒன்று பிழைபட்ட நகல். மற்றொன்று தனக்கே உரிய விதி. இரண்டையும் ஒன்றாக்கியிருந்தால், ஒரு துறையின் கண்ணீரைத் துடைத்து இன்னொரு துறைக்குக் கொடுத்திருப்போம். பலபொருள் ஒருமொழியை வகுப்பில் நடத்தும் எனக்கு, அதன் முழு எடை அன்றுதான் விளங்கியது. ஆண்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-இல் எழுதிய நூல் ஒன்றும் இதையே கருதுகிறதாம்: இருமுறை வரலாகாதது அறிவேயன்றி எழுத்துருவன்று.

வேலை முடிந்தபோது, அகமதிப்பெண் விதி நிரலில் ஓரிடத்தில் மட்டும் இருந்தது. மற்ற ஐந்து இடங்களும் அதனைக் கேட்டு விடை பெற்றுக்கொண்டன. அடுத்த ஆண்டு கல்விக்குழு மீண்டும் விதியில் கைவைத்தபோது, திருத்தம் பத்து நிமிடத்தில் முடிந்ததாகத் தேர்வு நெறியாளர் சொன்னார்.

ஆனால் அம்மாணவியின் கணக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. தவறு தெரிந்துவிட்டபோதிலும், குழு கூடி ஒப்பி, திருத்திய பட்டியல் அவள் கைக்கு வந்து சேர்வதற்குள் கல்வியியல் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. 43 மதிப்பெண்ணுடன் ஓராண்டு வீட்டிலிருந்தாள். அவள் வீட்டிற்குச் சென்று, அவள் தந்தையார் முன்னிலையில் நான் சொன்ன சொல்லுக்காக வருத்தம் தெரிவித்தேன். அவர் பெருந்தன்மையோடு, "விடுங்க சார், பொறிதானே" என்றார். பொறியன்று, நான்தான் என்று சொல்ல முயன்றேன்; அதற்குள் தேநீர் வந்துவிட்டது. மறு ஆண்டு அவள் சேர்ந்து படித்துத் தேறினாள்.

விடுமுறை முடிந்து துறைக்குச் சென்ற முதல் நாள், வருகைப் பதிவேட்டை எடுக்க அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்புறத்தில், பழுப்பேறிய தாள் ஒன்று பசையால் ஒட்டப்பட்டிருந்தது. 'அகமதிப்பெண் = மூன்று தேர்வுகளின் சராசரி' என்று என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தது. புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு உதவுமே என்று முன்னொரு நாள் நானே எழுதி ஒட்டியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், எளிதில் வரவில்லை. துணியை நனைத்துக்கொண்டு வந்து அதனைத் தேய்த்து எடுத்தேன்.